மில்டன் கீன்ஸில் புதிதாகக் குடியேறுவோருக்கு: நகரைப் படித்து வாழத் தொடங்கும் முறை

லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், எம்1 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது மில்டன் கீன்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட புதுநகரங்களில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல் வருவோர், மருத்துவமனைப் பணிக்கோ கணினித் துறை வேலைக்கோ நேராக இங்கே வந்து இறங்குவோர், பிள்ளைகள் ஓடியாடத் தோட்டத்துடன் ஒரு வீடு வேண்டும் என்று வருவோர் எனத் தமிழ்க் குடும்பங்களும் இந்நகரைத் தேடி வருவதுண்டு. வந்தவர்களில் பலர் முதல் சில வாரங்கள் திகைத்துப்போகிறார்கள். வண்டியில் எத்தனை தூரம் போனாலும் இருபுறமும் மரச்சுவர்தான் தெரிகிறது. ஒரு ரவுண்டபவுட் (சாலைகள் கூடும் வட்டச் சந்திப்பு) முடிந்தால் இன்னொன்று வருகிறது. வீடுகளையும் கடைத்தெருவையும் ஆட்களையும் காணோம். இந்நகரின் அமைப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்கு வீடு தேடுவது, பள்ளி தேடுவது, நட்புத் தேடுவது அனைத்தும் எளிதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டி சாலைகளிலிருந்தே தொடங்குகிறது.

முதற்படி: கட்டச் சாலைகளைப் படித்துக்கொள்ளுதல்

நகரம் முழுவதும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் சாலைகளால் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழக் கிழக்கு மேற்காகச் செல்பவை எச்1 முதல் எச்10 வரையிலும், வடக்கு தெற்காகச் செல்பவை வி1 முதல் வி11 வரையிலும் எண்ணிடப்பட்டுள்ளன. எண்ணோடு பெயரும் உண்டு: எச்5 போர்ட்வே, எச்6 சைல்ட்ஸ் வே, எச்8 ஸ்டாண்டிங் வே என எச் வரிசைச் சாலைகளின் பெயர்கள் ‘வே’ என்றும், வி6 கிராஃப்டன் ஸ்ட்ரீட், வி7 சாக்சன் ஸ்ட்ரீட், வி10 பிரிக்ஹில் ஸ்ட்ரீட் என வி வரிசைச் சாலைகளின் பெயர்கள் ‘ஸ்ட்ரீட்’ என்றும் முடியும். வி6, வி7 ஆகியவை நகர மையத்துக்குள் நுழையும்போது கிராஃப்டன் கேட், சாக்சன் கேட் என்று பெயர் மாறிவிடும். உள்ளூர்க்காரரிடம் வழி கேட்டால், “எச்6இல் போய் வி7இல் இடப்பக்கம் திரும்புங்கள்” என்றுதான் பெரும்பாலும் சொல்வார். உங்கள் வீடு எந்த நான்கு சாலைகளுக்கு நடுவே இருக்கிறது என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் எங்கே வழி தவறினாலும் வீடு திரும்பிவிடலாம்.

சாலைகள் சந்திக்கும் இடமெல்லாம் ரவுண்டபவுட் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்ப்பலகையும் இருக்கும். வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது நாடெங்கும் உள்ள விதி. இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வேகம். கட்டச் சாலைகளில் பெரும்பாலும் தேசிய வேக வரம்பே பொருந்தும், அதாவது ஒற்றைச் சாலையில் மணிக்கு 60 மைல், நடுவில் பிரிப்புள்ள இரட்டைச் சாலையில் 70 மைல். உள்ளூர் ஓட்டுநர்கள் ரவுண்டபவுட்டுகளைத் தயக்கமின்றி விரைவாகக் கடப்பார்கள், உங்களுக்குப் பின்னால் வருபவர் அதே வேகத்தை உங்களிடமும் எதிர்பார்ப்பார். பழகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போக்குவரத்துக் குறைவாக இருக்கும்போது ஓட்டிப் பழகுவது நல்லது. குடியிருப்புக்குள் நுழையும் கிளைச்சாலையைத் தவறவிட்டுவிட்டால் பதற்றப்படத் தேவையில்லை. அடுத்த ரவுண்டபவுட்டைச் சுற்றித் திரும்பி வந்துவிடலாம், அதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை அதைக் கொண்டு ஓட்டலாம். அதற்குப் பிறகு பிரிட்டன் உரிமம் கட்டாயம், அதற்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. தேர்வுத் தேதி கிடைக்க நாள் பிடிக்கும் என்பதால் வந்தவுடனேயே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

முகவரியில் ஓர் எச்சரிக்கை உண்டு. அஞ்சல் குறியீடு எம்.கே. என்று தொடங்குவதாலேயே ஓர் இடம் மில்டன் கீன்ஸில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்ஃபோர்ட் நகரமும் எம்.கே. குறியீட்டின் கீழ்தான் வருகிறது. வாடகை விளம்பரத்தில் எம்.கே.40 அல்லது எம்.கே.41 என்று கண்டால் அது வேறோர் ஊர். எம்.கே.9 என்பது நகர மையம்.

இந்த அமைப்பு வந்த வழி

இதை வரலாற்றுப் பாடம் என்று தாண்டிச் சென்றுவிட வேண்டாம். இன்று இங்கே பேருந்து அரிதாக இருப்பதற்கும் பூங்கா தாராளமாக இருப்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் புதுநகரச் சட்டத்தின்படி ஸ்டீவனேஜ் முதலிய நகரங்கள் எழும்பிய பிறகும் லண்டனின் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. 1960களில் பக்கிங்ஹாம்ஷர் மாவட்டக் கட்டடக் கலைஞர் ஃபிரெட் பூலி, மாவட்டத்தின் வடபகுதியில் 2,50,000 பேர் வாழும் ஒரு நகரத்தை ஒற்றைத் தண்டவாள ரயிலைச் சுற்றி அமைக்கலாம் என்றும், அதில் எல்லோரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்றும் திட்டம் வரைந்தார். ரயில் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் நகரம் வந்தது. 1967 ஜனவரி 23 அன்று ஏறத்தாழ 8,850 ஹெக்டேர் நிலப்பரப்பு புதுநகரமாக அறிவிக்கப்பட்டது. பிளெச்லி, வுல்வர்ட்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் ஆகிய மூன்று ஊர்களும் அவற்றுக்கிடையே இருந்த கிராமங்களும் அந்த எல்லைக்குள் வந்தன. அந்தக் கிராமங்களில் ஒன்றின் பெயர்தான் நகரத்துக்குச் சூட்டப்பட்டது.

கேம்பெல் பிரபு தலைமையில் அமைந்த வளர்ச்சிக் கழகம் 1970இல் வெளியிட்ட திட்டம், ஒரே மையத்தை நோக்கி எல்லோரும் காலையில் திரண்டு மாலையில் திரும்பும் பழைய வடிவத்தைத் தவிர்த்து, வேலையிடங்களையும் வீடுகளையும் நகரெங்கும் பரப்பியது. மனிதர்கள் பக்கத்து வீட்டாரோடு மட்டும் வாழ்வதில்லை, தம் விருப்பத்தையும் தொழிலையும் ஒட்டி நகரின் எந்த மூலையில் இருப்பவரோடும் உறவு கொள்கிறார்கள் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் மெல்வின் வெபரின் கருத்து இத்திட்டத்தில் ஆழமாகப் பதிந்தது. அதனால் காரில் எங்கும் எளிதில் போகலாம் என்ற வசதி கிடைத்தது. மக்கள் பரவலாக வாழ்வதால் பேருந்துக்குப் போதிய கூட்டம் சேராத குறையும் கூடவே வந்து சேர்ந்தது. 1992இல் வளர்ச்சிக் கழகம் கலைக்கப்பட்டது, 1997 முதல் உள்ளாட்சி தனி மன்றமாக இயங்குகிறது, 2022இல் அதிகாரபூர்வமாக மாநகர நிலை கிடைத்தது. 2021 கணக்கெடுப்பின்படி உள்ளாட்சி எல்லைக்குள் 2,87,060 பேர் வாழ்ந்தார்கள்.

இரண்டாம் படி: ரெட்வேயில் இறங்கி நடத்தல்

கட்டச் சாலைகளுக்கு நடைபாதை கிடையாது என்பதை அறியாமல், வரைபடத்தில் கடை அருகில் இருக்கிறதே என்று சாலையோரப் புல்லில் நடக்கத் தொடங்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் இங்கே தனியான பாதை வலை இருக்கிறது, அதன் பெயர் ரெட்வே. செந்நிறத் தார் போட்ட இப்பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. கட்டச் சாலை குறுக்கிடும் இடங்களில் இவை சுரங்க வழியாகவோ பாலத்தின் மேலாகவோ கடந்துவிடுவதால், ஒரு பிள்ளை வேகமான சாலை எதையும் நேருக்கு நேர் கடக்காமலேயே வீட்டிலிருந்து பள்ளிக்கும் ஏரிக்கும் மிதிவண்டியில் போய்வர முடியும்.

ரெட்வேயில் நடக்கும்போதுதான் நகரின் முகம் தெரிகிறது. மேலே கட்டச் சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருக்க, சுரங்க வழியின் மறுமுனையில் முள்வேலிச் செடிகளுக்கு நடுவே செப்டம்பரில் கருமுள்பழங்கள் கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கும். அவற்றைப் பறிக்க வீட்டிலிருந்து டப்பாக்களோடு வந்திருக்கும் முதியவர்கள் உங்களுக்கு வணக்கம் சொல்வார்கள். கொஞ்ச தூரம் தள்ளி, முழங்கால் உயரமே உள்ள வெள்ளை நிறப் பெட்டி வண்டி ஒன்று ஆறு சக்கரங்களில் ஊர்ந்து வரும். மளிகைப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் இந்தத் தானியங்கி வண்டிகள் 2018 முதல் இந்நகரில் ஓடுகின்றன. தெருவைக் கடக்கும் முன் பாதையோரத்தில் நின்று, வண்டி ஏதும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கடக்கும். சகதியில் சிக்கிக்கொண்டால் வழிப்போக்கர் யாராவது தூக்கி நிறுத்திவிட்டுப் போவார். மேடு பள்ளம் குறைவான பாதைகளும் பரவலான வலையமைப்பும் இங்கே இருப்பதே அவற்றுக்கு இந்நகர் ஒத்துப்போகக் காரணம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ரெட்வேயின் சில பகுதிகள் வீடுகளின் பார்வையிலிருந்து விலகி, அடர்ந்த செடிகளுக்கு நடுவே செல்கின்றன. சுரங்க வழிகளில் சில இருளடைந்தவை. இரவுப் பணி முடித்துத் தனியாக நடந்து திரும்ப வேண்டியவர்கள், வீட்டை ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தப் பாதையில் மாலை இருட்டிய பிறகு ஒருமுறை துணையோடு நடந்து பார்த்துவிடுங்கள். பகலில் இனிமையாகத் தோன்றிய வழி டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருண்டுவிடும்.

மூன்றாம் படி: பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

வாடகைக்கோ விலைக்கோ வீடு தேடும்போது, அந்தப் பகுதி எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று கேளுங்கள். இந்நகரில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டிய காலமே பெரிதும் தீர்மானிக்கிறது.

பழைய ஊர்களை முதலில் பாருங்கள். வுல்வர்ட்டன் 1838இல் லண்டன் – பர்மிங்ஹாம் ரயில்பாதைக்கான பணிமனையோடு பிறந்த ரயில் ஊர். சிவப்புச் செங்கல் வரிசை வீடுகளும், நடந்து எட்டும் தூரத்தில் கடைத்தெருவும், ரயில் நிலையமும் அங்கே இருக்கின்றன. ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் ரோமானியர் காலத்து வாட்லிங் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டிகள் தங்கிச் சென்ற ஊர். காக், புல் என்ற இரு பழைய விடுதிகள் அதன் பெருந்தெருவில் இன்றும் நிற்கின்றன. பிளெச்லி போருக்குப் பின் லண்டனிலிருந்து இடம்பெயர்ந்தோருக்காக விரிவடைந்த ஊர். அதன் குயின்ஸ்வே தெருவில் பல நாட்டு மளிகைக் கடைகள் இருப்பதால் நம் சமையலுக்கு வேண்டியதைத் தேட வசதி. போர்க்காலத்தில் ஆலன் டூரிங் முதலியோர் எதிரியின் மறைகுறியீடுகளை உடைத்த பிளெச்லி பார்க் மாளிகை நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. கார் இல்லாமல் வாழத் திட்டமிடுவோருக்கு இந்தப் பழைய ஊர்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். தெருவில் இறங்கினால் ரொட்டிக் கடையும் மருந்துக் கடையும் கண்ணில் படும் வாழ்க்கை புதுக் கட்டங்களில் எளிதில் கிடைக்காது.

1970களில் அவசரமாக எழுப்பப்பட்ட குடியிருப்புகள் தனி வகை. நெதர்ஃபீல்டில் நிலம் சரிந்தாலும் கூரைக்கோடு ஒரே மட்டத்தில் ஓடும் நெடுநீள வரிசை வீடுகளைக் காணலாம். பீன்ஹில்லில் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த வீடுகள் தட்டைக் கூரையோடு கட்டப்பட்டு, அவை ஒழுகியதால் பிறகு சரிவுக் கூரை போடப்பட்டன. இந்தப் பகுதிகளைப் பற்றிப் பிறர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். நிலப்பரப்பு தாராளம், மருத்துவமனை அருகில், விலையும் குறைவு, நெடுநாள் குடியிருப்போரிடையே நெருக்கமும் உண்டு. ஆனால் வாங்குவதாக இருந்தால் கட்டுமான முறை வழக்கமானதா என்று விசாரியுங்கள். வழக்கத்துக்கு மாறான சட்டக அமைப்பில் கட்டிய வீடுகளுக்குச் சில வங்கிகள் கடன் தரத் தயங்கும். கட்டட ஆய்வாளரைக் கொண்டு முழு ஆய்வு செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிரேட் லின்ஃபோர்ட், லௌட்டன், ஷென்லி சர்ச் எண்ட், வௌட்டன் ஆன் த கிரீன் போன்ற இடங்களில் பழைய கிராமத்தின் தேவாலயமும் புல்வெளியும் அப்படியே விடப்பட்டு, புது வீடுகள் அவற்றைச் சுற்றி அமைந்திருக்கின்றன. வில்லனில் உள்ள சிறிய தேவாலயம் 1680இல் கட்டி முடிக்கப்பட்டது, அதை வடிவமைத்தவர் அறிவியலாளர் ராபர்ட் ஹூக். இத்தகைய கட்டங்களில் வீட்டு விலை கூடுதல். கிழக்கே புரூக்லேண்ட்ஸ், பிராட்டன், மேற்கே வைட்ஹவுஸ், ஃபேர்ஃபீல்ட்ஸ் ஆகியவை அண்மைக்காலக் குடியிருப்புகள். இங்கே வீடுகள் நெருக்கமாக இருக்கும், அதனால் கார் நிறுத்த இடம் எத்தனை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுவீடு வாங்குவோர் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணம் உண்டா என்பதையும் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பெற வேண்டும்.

வாடகைக்கு எடுப்போருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இங்கிலாந்தெங்கும் ஒன்றுதான்: முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது, வீட்டு உரிமையாளர் அதை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட வைப்புத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நான்காம் படி: போக்குவரத்துக்கு ஏற்பாடு

மில்டன் கீன்ஸ் சென்ட்ரல் நிலையம் 1982இல் திறக்கப்பட்டது. விரைவு ரயிலில் லண்டன் யூஸ்டனுக்கு ஏறத்தாழ 35 நிமிடம். மெதுவான ரயில்களில் பயணம் ஒரு மணி நேரத்தை நெருங்கும். ஒரே தடத்தில் இரண்டு நிறுவனங்களின் ரயில்கள் ஓடுவதால், லண்டன் நார்த்வெஸ்டர்ன் ரயிலில் மட்டும் செல்லும் குறைந்த விலைச் சீட்டும், எந்த ரயிலிலும் செல்லும் கூடுதல் விலைச் சீட்டும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. குறைந்த விலைச் சீட்டோடு மற்றொரு நிறுவனமான அவன்ட்டியின் விரைவு ரயிலில் ஏறினால் அபராதம் கட்ட நேரும். தினமும் லண்டனுக்கு வேலைக்குச் செல்பவர்கள் ஆண்டுச் சீட்டின் விலையைக் கணக்கிட்ட பிறகே லண்டன் வாடகையோடு ஒப்பிட வேண்டும். மிச்சம் என்று நினைத்த தொகையில் பெரும்பகுதியை ரயில் விழுங்கிவிடுவதுண்டு. ஹாரோ அண்ட் வெல்ட்ஸ்டோன் நிலையத்துக்கு நேரடி ரயில் இருப்பது நம்மவர்களுக்குப் பெரிய வசதி, ஏனெனில் தமிழர்கள் நிறைந்து வாழும் அந்தப் பகுதிக்குக் கோயிலுக்கும் மளிகைக்கும் போய்வர லண்டன் மையத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

நகருக்குள் பேருந்துகள் மையத்துக்கும் பழைய ஊர்களுக்கும் இடையே ஓரளவு நன்றாக ஓடுகின்றன. ஓரக் கட்டங்களுக்கு வழக்கமான பேருந்து இல்லாத இடங்களில் எம்.கே. கனெக்ட் என்ற அழைப்புச் சேவை 2021 முதல் நடக்கிறது. கைபேசிச் செயலியில் புறப்படும் இடத்தையும் சேருமிடத்தையும் குறித்தால் அருகிலுள்ள நிறுத்தத்துக்குச் சிறு வேன் ஒன்று வரும், வழியில் மற்றவர்களையும் ஏற்றிக்கொள்ளும். நேரம் தவறக் கூடாத பயணத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். தொலைதூரப் பேருந்துகள் எம்1 சாலையின் 14ஆம் சந்திப்பருகே உள்ள கோச்வே நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அந்நிலையம் நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, புறப்படும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: பதிவுகள்

சாவி கைக்கு வந்த வாரத்திலேயே மாநகர மன்றத்தின் இணையதளத்தில் உள்ளாட்சி வரிக்குப் பதிவு செய்யுங்கள். வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டுமே இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அடுத்ததாக உங்கள் கட்டத்தைத் தன் எல்லைக்குள் கொண்ட ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையில் குடும்பத்தினர் அனைவரையும் பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்றோ விசா ஆவணமோ இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது என்பதே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் வழிகாட்டுதல். நோய் வரும் வரை காத்திருந்து பதிவு செய்யப் போவது வீண் அலைச்சல். பெரிய மருத்துவமனையான மில்டன் கீன்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனை எச்8 சாலையை ஒட்டி ஈகிள்ஸ்டோன் கட்டத்தில் இருக்கிறது.

பள்ளி விஷயத்தில் தேதிகளே முக்கியம். ஆரம்பப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15க்குள்ளும், இடைநிலைப் பள்ளிக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 31க்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு நடுவில் வருபவர்கள் மன்றத்தின் சேர்க்கைப் பிரிவை உடனே அணுகுங்கள். அருகிலுள்ள பள்ளி நிரம்பியிருந்தால் வேறு கட்டத்தில் இடம் தருவார்கள், காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பக்கிங்ஹாம்ஷர் என்றாலே பதினொரு வயதுத் தேர்வும் அதில் தேறியோரைச் சேர்க்கும் கிராமர் பள்ளியும் நினைவுக்கு வரும், ஆனால் மில்டன் கீன்ஸ் எல்லைக்குள் அரசு கிராமர் பள்ளி இல்லை. அதை எதிர்பார்த்து இங்கே வீடு வாங்கிவிட்டுப் பிறகு ஏமாற்றமடையும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். என் கருத்தில், பிள்ளை நண்பர்களோடு ரெட்வே வழியாக மிதிவண்டியில் போகக்கூடிய நல்ல பொதுப் பள்ளி, தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் அலைய வைக்கும் தேர்வுப் பள்ளியை விட மேலானது.

குப்பைக்கு நான்கு தொட்டிகள் உண்டு: மறுசுழற்சிக்குத் தாள், அட்டைகளை நீலத்திலும், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக்கைச் சிவப்பிலும் போட வேண்டும். உணவுக் கழிவும் தோட்டக் கழிவும் பச்சைக்கு, மிச்சம் கறுப்புக்கு. எடுக்கும் நாளை மன்றத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆறாம் படி: மையத்தையும் பூங்காக்களையும் அறிதல்

நகர மையம் உயரமான இடத்தில் அமைந்திருக்கிறது. நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் மிட்சம்மர் பூல்வார்ட், கோடையின் மிக நீண்ட பகல் நாளில் சூரியன் உதிக்கும் திசையை ஏறத்தாழ நோக்கி வகுக்கப்பட்டது. அதன் இருபுறமும் உள்ள இணைச் சாலைகளுக்குச் சில்பரி, எய்வ்பரி என்று தொல்பழங்கால நினைவிடங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நூலகத்துக்குப் பின்னால் சாக்சன் காலத்தில் சுற்றுவட்டார மக்கள் கூடி வழக்குப் பேசிய செக்லோ மேடு இருக்கிறது. இத்தனை புது நகரத்தின் நடுவிலும் அத்தனை பழைய கூடுமிடம் ஒன்று பேணப்பட்டிருப்பது பலருக்கும் தெரியாது.

1979இல் மார்கரெட் தாட்சர் திறந்து வைத்த அங்காடிக் கட்டடம், அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இரண்டு இணைக் கூடங்களைக் கொண்டது. மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்க, நடுநடுவே வெப்பமண்டலச் செடிகள் வளரும் அந்தக் கட்டடத்தை 2010இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். அதையடுத்த திறந்தவெளிச் சந்தையில் காய்கறியும் துணியும் பேரம் பேசக்கூடிய விலையில் கிடைக்கும். காரில் வருவோர் நிறுத்துமிடத்தின் நிறத்தைக் கவனியுங்கள்: சிவப்பு அடையாளம் உள்ளவை கட்டடங்களுக்கு அருகே, கட்டணம் கூடுதல். ஊதா அடையாளம் உள்ளவை சற்றுத் தள்ளி, கட்டணம் குறைவு. கிரானைட் விளிம்பு போட்ட அகன்ற பாதைகளில், பிளேன் மரங்களின் நிழலில் ஐந்து நிமிடம் நடந்தால் அந்தப் பணம் மிச்சம்.

பூங்காக்களைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தகும். வளர்ச்சிக் கழகம் கலைந்தபோது நகரின் பசுமை வெளிகள் விற்றுத் தீர்ந்துவிடாமல் இருக்க, 1992இல் பார்க்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் 999 ஆண்டுக் குத்தகைக்கு அவை ஒப்படைக்கப்பட்டன. வணிகக் கட்டடங்கள் சிலவும் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றின் வாடகை வருமானத்தில் பூங்காக்கள் பராமரிக்கப்படுவதால், உள்ளாட்சி நிதி சுருங்கும் ஆண்டுகளிலும் இங்கே புல் வெட்டுவதும் மரம் நடுவதும் நிற்பதில்லை. கோயில் நிலத்தின் குத்தகையில் நித்திய பூசை நடப்பதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை உடனே விளங்கும். வில்லன், ஃபர்ஸ்டன், கால்டிகோட் ஏரிகள் அழகுக்காக மட்டும் வெட்டப்படவில்லை. கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பெருகியதால் விரைந்து ஓடும் மழைநீரைத் தேக்கி, ஆறுகளில் மெல்ல விடுவதே அவற்றின் முதல் வேலை. வில்லன் ஏரிக்கரையில் 1980இல் ஜப்பானிய நிப்போன்சான் மியோஹோஜி பௌத்தத் துறவிகள் எழுப்பிய வெண்ணிற அமைதிப் பகோடா இருக்கிறது. மேற்குலகில் அத்தகைய முதல் பகோடா அது. சனிக்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு ஏரிப் பகுதியில் நடக்கும் ஐந்து கிலோமீட்டர் பார்க்ரன் ஓட்டத்தில் யாரும் கட்டணமின்றிக் கலந்துகொள்ளலாம், நடந்தும் முடிக்கலாம்.

ஏழாம் படி: மனிதர்களோடு சேர்தல்

இந்நகரில் ஐந்தாறு தலைமுறையாக வாழ்பவர்கள் பழைய ஊர்களிலும் கிராமங்களிலும் மட்டுமே இருக்கிறார்கள். மற்றவர்களோ, அவர்களுடைய பெற்றோரோ, எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களே. தொடக்க ஆண்டுகளில் வளர்ச்சிக் கழகம் புதிதாக வரும் குடும்பங்களை வீடு தேடிச் சென்று சந்திப்பதற்கென்றே பணியாளர்களை வைத்திருந்தது, குடியிருப்புதோறும் கூடுமிடங்களையும் கட்டியது. அந்தப் பழக்கம் இன்றும் ஊறியிருக்கிறது. “எங்கிருந்து வந்தீர்கள்?” என்று இங்கே கேட்பவர், தானும் வந்த கதையைச் சொல்லத் தொடங்குவார். ஆனால் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறிமுகம் தானாக வந்துவிடாது. குழுக்களைத் தேடிப் போக வேண்டும், தேடினால் ஓட்டக் குழு, பாடகர் குழு, பூங்கா மரக்கன்று நடும் தொண்டர் குழு, கிரிக்கெட் அணி எனக் கிடைத்துக்கொண்டே இருக்கும். வால்டன் ஹாலில் உள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1999இல் தொடங்கிய நாடக அரங்கும் கலைக்கூடமும் ஆண்டு முழுதும் பொதுநிகழ்ச்சிகள் நடத்துகின்றன.

இரண்டு விஷயங்களில் கவனமாகப் பேசுங்கள். 1978இல் லிஸ் லே என்ற கலைஞர் இங்கே தங்கி உருவாக்கிய காங்கிரீட் பசுக்களை வைத்து வெளியூர்க்காரர்கள் இந்நகரைக் கேலி செய்வது நெடுங்கால வழக்கம், உள்ளூர்க்காரர்களுக்கு அது சலித்துவிட்டது. அசல் பசுக்கள் மில்டன் கீன்ஸ் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன, பேன்கிராஃப்ட் புல்வெளியில் நிற்பவை நகல்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள், அவற்றைச் செய்த காலத்தின் உற்சாகம் புரியும். மற்றொன்று கால்பந்து. விம்பிள்டனிலிருந்து 2003இல் இங்கே கொண்டுவரப்பட்ட அணிதான் இன்றைய எம்.கே. டான்ஸ். அந்த இடமாற்றம் நாடெங்கும் கசப்பை உண்டாக்கியது. இங்கே அந்த அணியைப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது சொந்த அணி, அதை மதித்துப் பேசுவது நல்லது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. மாநகர மன்றத்துக்குக் கீழே உங்கள் பகுதிக்கென ஒரு பாரிஷ் மன்றம் இருக்கும். சிறு விளையாட்டுத் திடல், சமூகக் கூடம், காய்கறி பயிரிட வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் அதுவே கவனிக்கிறது. புடலையும் பாகலும் இந்தக் குளிரில் கண்ணாடிக் கூடாரமின்றி வராது, ஆனால் முள்ளங்கி, கீரை, கொத்தமல்லி, அவரை நன்றாக வரும். தோட்டத் துண்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பது வழக்கம் என்பதால், வீட்டுச் சாவி வாங்கும் அதே மாதத்தில் பாரிஷ் மன்ற எழுத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.